பபூன் மேடை

மதுரைப் பக்கத்துப் பேரையூர் வட்டாரத்தில் அம்மனுக்குப் பொங்கல் சாட்டியதும் நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். கரகம் எடுப்பது என்றைக்கு, மாவிளக்கு என்றைக்கு, முளைப்பாரி கரைப்பது என்றைக்கு என்று நாள்வாரியாக விவரம் இருக்கும். கீழே கொட்டை எழுத்தில், 'இரவு 10 மணியளவில் வள்ளி திருமணம் நாடகம்'. அதற்கும் கீழே நடிகர் நடிகைகளின் படங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர் என்று வரிசையாகப் போய், ஓரத்தில் ஒரு சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் 'பபூன்' என்று போட்டிருக்கும். ஸ்டாண்டப் காமெடியை எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் அந்த ஓரத்து முகத்தைத் தேடிப் போங்கள்.

இப்படிக் கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து கிளம்பி, இன்ஜினீயர் வேலையை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்த அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019இல் அமேசான் பிரைமில் வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே தளத்தில் 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' வந்தது. பிரவீன் குமார், கார்த்திக் குமார், ராஜ்மோகன் மூவரும் நடுவர்களாக உட்கார, புதியவர்கள் போட்டி போட்டு, அபிஷேக் குமார் ஜெயித்தார். ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் இதைச் செல்போனில் பார்த்தார்கள். ஒரு ஆள், ஒரு மைக், வேறு எதுவும் இல்லை; இதை நாமும் செய்யலாமே என்று பலருக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பே இல்லை.

அடுத்த கேள்விதான் கஷ்டமானது. எங்கே போய்ச் செய்வது? சென்னையில் ஓப்பன் மைக் நடக்கிறது. காபி கடை மாடியிலோ சின்ன அரங்கிலோ பெயர் கொடுத்தால் ஐந்து நிமிஷம் தருவார்கள். பேரையூரிலிருந்து மதுரைக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ். ஐந்து நிமிஷப் பேச்சுக்காக ஒரு நாள் சம்பளத்தையும் இரண்டு ராத்திரித் தூக்கத்தையும் கொடுக்க எத்தனை வீட்டுப் பிள்ளைகளால் முடியும்? ஒருமுறை முடியலாம். இந்தத் தொழில் ஒருமுறையில் வருகிற தொழில் இல்லை.

ஆனால் இதே வட்டாரத்தில், இதே கரிசல் காட்டு ஊர்களில், ஒரு ஆள் ஒரு மைக்கோடு தனியாக நின்று ஊரையே சிரிக்க வைப்பது நம் தாத்தா காலத்திலிருந்து நடந்து வருகிறது. நாம்தான் அதைக் கலை என்று பார்க்காமல், நாடகம் சூடு பிடிக்கிற வரைக்கும் நேரம் ஓட்டுகிற சமாச்சாரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

*

அந்த நோட்டீஸில் போடுகிற வள்ளி திருமணம் போன்றவற்றை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ஒத்திகையே இல்லாத நாடகம் அது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் இந்தக் கலைஞர்களுக்கு மனப்பாடம். 1918இல் அவர் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பாடம் இருக்கிற தைரியத்தில்தான் இன்றைக்கும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்தும் வந்து இறங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேதி பேசி அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். மேக்கப் போடுகிற இடத்தில்தான் அன்றைக்கு யார் யார் கூட்டு என்பதே தெரியவரும். விடிய விடிய நாடகம் நடக்கும். ஒரு வரி பிசகாது.

பபூனுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. அவருக்குச் சுவாமிகள் எதுவும் எழுதி வைக்கவில்லை. வள்ளியும் முருகனும் தர்க்கம் செய்வதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். அதற்கு வெகு முன்னாலேயே, பத்து பத்தரை மணிக்கு, பபூன் தனியாக மேடைக்கு வந்தாக வேண்டும். எதிரே இருப்பது டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் இல்லை. பாதிப் பேர் இன்னும் பலகாரக் கடையிலும் பலூன் கடையிலும் நிற்கிறார்கள். சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் பிள்ளைகள் தூங்குகின்றன. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பின்னால் பைக் மேல் உட்கார்ந்திருக்கிற இளவட்டங்கள் பிடிக்காவிட்டால் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். இத்தனை பேரையும் பதினைந்து இருபது நிமிஷத்துக்குள் ஒரே கூட்டமாக ஆக்க வேண்டும். உலகத்தில் எந்த ஊர் காமெடி கிளப்பிலும் இதைவிடக் கடுமையான பார்வையாளர் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எப்படிச் செய்கிறார்? முதலில் கும்பிடு. ஊர்ப் பெரியவர்களுக்கு, விழாக் கமிட்டிக்கு, தாய்மார்களுக்கு, மைக்செட் காரருக்கு. பிழை இருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வேண்டுகோள். இது வெறும் சம்பிரதாயம் என்று எண்ணி ஓட்டிவிடுபவர்கள் தொழிலின் முதல் பாடத்தையே தவறவிடுகிறார்கள். அறிமுகமில்லாத ஒருவன் நம்மை எதிரே உட்கார வைத்துப் பேசும்போது, இவன் யாரை எங்கே இழுத்துவிடுவானோ என்ற பயம் கூட்டத்துக்கு இருக்கும். பயந்த கூட்டம் சிரிக்காது. அந்தக் கும்பிடு பயத்தைத் தெளிய வைக்கிறது. கெட்டிக்கார பபூன் அதோடு விடமாட்டார். சாயங்காலம் ஊருக்குள் வந்தபோது டீக்கடையில் காதில் விழுந்ததை, எரியாத தெருவிளக்கையோ வராத பஸ்ஸையோ, இரண்டாவது நிமிஷத்தில் எடுத்து வைப்பார். 'நம்ம ஊரைப் பத்திச் சொல்றான்டா' என்று பைக் மேல் இருப்பவன் இறங்கி முன்னால் வருவான்.

பிறகுதான் உண்மையான வித்தை. பபூன் கூட்டத்தோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பிவிடுவார். ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அண்ணே, இன்னைக்கு நமக்குக் கறிச்சோறு போடுவாகளாண்ணே?"

"ஒன் காமிக்கைப் பாத்துட்டு முடிவு பண்றோம்னு தலைவரு சொல்லிட்டாருப்பா."

பபூன் கூட்டத்தை ஒரு முறை பார்ப்பார். தலையைத் தொங்கப்போடுவார்.

"அப்ப இன்னைக்கும் சாம்பார்தான்."

மிருதங்கத்தில் ஒரு தட்டு. பல தாளக் கருவிகளோடு உட்கார்ந்து 'ஆல்ரவுண்ட்' வாசிக்கிறவர் ஜால்ராவில் ஒரு போடு.

கூட்டம் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதை. தற்செயலாகக் காதில் விழுந்ததாக ஒரு பாவனை. நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னால் சங்கடமாக இருக்கக்கூடிய விஷயங்களை, குறிப்பாகப் பெண்கள் இருக்கும் கூட்டத்தில் சொல்லக் கூசுகிற விஷயங்களை, இந்த ஏற்பாட்டில் சொல்லிவிடலாம், சொன்னது அண்ணனிடம்தானே! சென்னை மேடையில் இருக்கிறவர் 'என் பிரெண்டு ஒருத்தன் கேட்டான்' என்று ஆரம்பிப்பதும் இதே வேலைதான். அவருக்கு மிருதங்கக்காரர் இல்லை, அதனால் நண்பனைக் கற்பனையில் வரவழைத்துக்கொள்கிறார். அடி விழவேண்டிய இடத்தில் அடிக்கிறதற்கும் அவருக்கு ஆள் இல்லை. அந்த இடத்தை மௌனத்தால் நிரப்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதைக் கூர்ந்து பார்த்து எழுதியவர் அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சீசர். 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி, ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போய், பபூனின் தனிப்பேச்சை வரி வரியாகப் பதிவு செய்து ஆராய்ந்தார். தமிழ் மேடையின் மேல் விழுந்த களங்கத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 2005இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. அதற்குப் பிறகு அவர் எதைத் தேடிப் போனார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கச் சிற்றூர்களில் சின்னச் சின்ன மேடைகளில் பேசி, காரிலேயே ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற ஸ்டாண்டப் கலைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். மதுரைப் பக்கத்துப் பபூனைப் படித்து முடித்த ஒருவருக்கு அடுத்துப் படிக்க வேண்டியவர்களாக அவர்கள் தெரிந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்தப் பாதையில் மறுகோடியிலிருந்து நடக்கிறார்கள். செல்போனில் அமெரிக்காக்காரரைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர் மேடையைப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள்.

*

இந்த மண்ணிலிருந்து சிரிப்பு மேடைக்குப் போனவர்கள் ஒன்றிரண்டு பேர் அல்ல. 2005இல் விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு' தொடங்கியபோது, அதுவரை திருவிழாவிலும் கல்லூரி விழாவிலும் மட்டுமே தெரிந்த முகங்கள் வீட்டுக்குள் வந்தன. மதுரை முத்து ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டே வந்தார். உடம்பு முழுக்க வண்ணம் பூசி இயந்திர மனிதனாக அசைந்து ஊர் மேடைகளில் பிழைத்த மதுரைக்காரர் ரோபோ சங்கர், அங்கிருந்து சினிமாவுக்குப் போய் 2025 செப்டம்பரில் 46 வயதில் இறந்தார். வடிவேலுவின் குரலையும் நடையையும் அப்படியே கொண்டுவந்த வடிவேல் பாலாஜியும் மதுரைதான். 2020 செப்டம்பரில் காலமானார். இவர்களுக்கெல்லாம் மேலே நிழலாக நிற்கும் வடிவேலுவும் மதுரைக்காரர். இவர்களில் யாரும் பயிற்சி வகுப்புக்குப் போனவர்கள் இல்லை. கூட்டத்தின் முன்னால் நின்று நின்று கற்றவர்கள்.

டிவி அவர்களுக்குச் சோறு போட்டது, மறுக்க முடியாது. அதோடு ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்தது. மூன்று நிமிஷத்துக்குள் நடுவர் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே. அந்த அவசரத்தில் எது சீக்கிரம் சிரிப்பு வாங்குமோ அது மட்டும் தங்கியது. பெண் வேஷம் கட்டிய ஆண், குண்டானவர், கறுப்பானவர், முடியில்லாதவர். இதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு ஜோக் எப்படி உருவாகிறது என்று கிட்ட இருந்து பார்க்கலாம்.

கல்யாண பிளெக்ஸை எடுத்துக்கொள்வோம். திருமங்கலம் முதல் எழுமலை வரை எந்த மண்டப வாசலிலும் அது நிற்கும். மாப்பிள்ளையின் நண்பர்கள் பணம் போட்டு வைக்கிற பிளெக்ஸ். அவர்கள் முகங்கள்தான் பெரிது பெரிதாக இருக்கும். இதை மேடையில் சொல்ல நினைக்கும் புதியவர் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

"எங்க ஊர்ல கல்யாணத்துக்கு பிளெக்ஸ் வைப்பாங்க. அதுக்கு ப்ரெண்ட்ஸ் எல்லாம் காசு போடுவாங்க. யாரு காசு போடுறாங்களோ அவங்க படம் பெருசா இருக்கும். மாப்பிள்ளை காசு போடமாட்டான், அதனால அவன் படம் சின்னதா இருக்கும்."

விஷயம் உண்மை, கவனித்ததும் சரி. யாரும் சிரிக்கமாட்டார்கள். காரணத்தை முதலிலேயே சொல்லியாகிவிட்டது. கடைசி வரியில் கேட்பவருக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். விளக்குவதற்குப் பதில் ஒரு ஆளை உள்ளே கொண்டு வாருங்கள்:

"கல்யாண பிளெக்ஸ்ல நாப்பது மூஞ்சி. பொண்ணோட தாத்தா கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாக்குறாரு. 'இதுல மாப்பிள்ளை யாருப்பா?' 'அந்தா, மூலையில ஸ்டாம்ப் சைசுல இருக்கான்ல, அவந்தான் தாத்தா.' 'ஏன்ப்பா அம்புட்டுச் சின்னதா?' … 'அவன் மட்டுந்தான் காசு போடல.'"

'நாப்பது மூஞ்சி' என்றதும் படம் வந்துவிட்டது. 'கண்ணாடியத் துடைச்சுட்டு' என்பது தாத்தாவுக்கு ஒரு உடம்பு கொடுக்கிறது. அதை நடித்துக் காட்டும் இரண்டு வினாடியில் கூட்டம் பேச்சை நிறுத்தித் திரும்புகிறது. 'ஸ்டாம்ப் சைசு' நடுவழியில் ஒரு சின்னச் சிரிப்பை வாங்கித் தருகிறது. தாத்தாவின் இரண்டாவது கேள்விக்குப் பிறகு ஒரு நிறுத்தம். அதன் நீளத்தை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது, கூட்டம்தான் சொல்லித் தரும். பதிலின் கடைசியில் நிற்க வேண்டியது 'போடல'. முதல் முறை சொல்லும்போது பழக்க தோஷத்தில் 'போடல தாத்தா' என்று வாய் இழுக்கும். அந்த விளி வெடிக்கப் போகிற சிரிப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். எடுத்துவிட வேண்டும்.

சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொன்று சேர்க்கலாம். மேடைக்காரர்கள் இதை 'டேக்' என்கிறார்கள். "தாத்தா சட்டைப் பைக்குள்ள கையை விட்டாரு: 'எவ்வளவு ஆகும்?'" இது முதல் சிரிப்பைவிடப் பெரிதாக வர வாய்ப்பு உண்டு. அதுவரை வேடிக்கை பார்த்த கிழவர் இப்போது ஆட்டத்துக்குள் வந்துவிட்டார். நாற்பது இளவட்டங்களுக்கும் அவருக்கும் ஆசை ஒன்றுதான் என்பது கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. அரை நிமிஷம்கூட இல்லாத ஒரு துண்டு. இதில் இத்தனை முடிவுகள். ஐந்து நிமிஷத்துக்கு இப்படிப் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் வேண்டும், ஒன்றுக்கொன்று ஒட்டவும் வேண்டும். பிறவியிலேயே வாய்த்தால்தான் உண்டு என்று இதைச் சொல்பவர்கள் வேலையைப் பார்க்காமல் ஆளை மட்டும் பார்த்தவர்கள்.

வேலை என்று ஒத்துக்கொண்டால் காலமும் ஆகும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் 18 வருஷம் ஸ்டாண்டப் செய்தவர். அதில் கற்றுக்கொண்டதே பத்து வருஷம், செப்பனிட்டது நாலு வருஷம், புகழ் என்று அனுபவித்தது கடைசி நாலு வருஷம் என்று தன் வாழ்க்கைக் கதையில் கணக்குச் சொல்லியிருக்கிறார். 2002இல் வந்த 'காமெடியன்' ஆவணப்படத்தில் ஜெர்ரி சைன்பீல்ட் உலகப் புகழுக்குப் பிறகு பழைய ஜோக்குகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, சின்ன கிளப்புகளில் புதிதாக முதலிலிருந்து தொடங்குகிறார். மேடையிலேயே அடுத்த வரி மறந்து நிற்கிறார். அவருக்கே அந்தக் கதி என்றால், முதல் முறை மொக்கை வாங்கிய பையன் அதோடு ஓடிவிட வேண்டியதில்லை. நோட்டைத் திறந்து எந்த வரியில் கூட்டம் செல்போனை எடுத்தது என்று குறித்துக்கொண்டால் போதும். மறு வாரம் அந்த வரி இருக்கக் கூடாது.

மறு வாரம் என்று ஒன்று இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. பபூனுக்கு அது இருந்தது. பங்குனி, சித்திரை, வைகாசியில் தொடர்ந்து தேதி. நேற்று ஒரு ஊர், இன்று ஒரு ஊர், நாளை வேறொன்று. திங்கட்கிழமை எடுபடாமல் போன ஜோக்கைச் செவ்வாய்க்கிழமை திருத்தி, புதன்கிழமை சொல்லிப் பார்த்துவிடலாம். ஒரு சீசனில் அவர் ஏறுகிற மேடைகளைச் சென்னை ஓப்பன் மைக்கில் ஏறிச் சேர்க்க வருஷக் கணக்கில் ஆகும்.

*

பபூனிடம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில விஷயங்களை அவரோடு விட்டுவிடத்தான் வேண்டும்.

தனிப்பேச்சு முடிந்ததும் டான்ஸ் ஆடும் பெண் வருவார். இருவரும் எதிர்பாராமல் மோதிக்கொள்வார்கள், சண்டை வரும், போட்டி வரும், பாட்டில் போய் முடியும். அந்தப் பகுதியில் பாதிச் சிரிப்பு அந்தப் பெண்ணின் வாய்ச் சாமர்த்தியத்தில் வருவது. பபூன் போடுகிற பந்தைத் தவறவிடாமல் திருப்பி அடிக்கிறவர் அவர். பெயர் என்னவோ பபூனுக்குத்தான். ஊர் அந்தப் பெண்ணைக் கலைஞராகப் பார்க்காமல், ராத்திரியில் ஆண்கள் நடுவே மேடையேறுகிற பெண்ணாகவே பார்த்தது. சீசருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே களங்கம் இருப்பது அதனால்தான். மேடையிலேறிய பெண் எப்படிப்பட்டவள் என்பதைச் சுற்றியே பபூனின் பல ஜோக்குகள் சுழன்றன. தன்னோடு சேர்ந்து உழைக்கிறவளை விற்று அவர் கைதட்டு வாங்கினார். டிவி அதையே எடுத்து, உடம்பையும் நிறத்தையும் சேர்த்துக்கொண்டது.

பிளெக்ஸ் ஜோக்கையே திரும்பப் பாருங்கள். அதில் இருக்கிற நாற்பது முகங்களில் ஒன்றின் நிறத்தையோ பல்லையோ பிடித்து இழுத்தால் இதைவிடச் சீக்கிரம் சிரிப்பு வரும். மெனக்கெட வேண்டியதே இல்லை. அடி அந்த முகத்துக்கு உரியவன் மேல் விழும், அவன் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பான். தாத்தா வழியாகச் சொல்லும்போது அடி விழுவது பிளெக்ஸ் ஆசை மேல். அந்த ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, சொல்பவனுக்கும் சேர்த்து. வடிவேலு செய்தது இதைத்தான். வீரம் பேசிவிட்டு உதை வாங்குகிறவராகத் தானே நின்றார். அவமானத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் தமிழ்நாட்டில் ஒரு சங்கடம் வந்தால் அவர் முகத்தைப் போட்டுத்தான் மீம் செய்கிறார்கள். நம் எல்லோர் தோல்வியையும் சொல்ல அந்த ஒரு முகம் கிடைத்திருக்கிறது.

மதுரைச் சமவெளியில், அடுத்தவன் மேல் அடி விழாமல் சிரிக்க வைக்கிற இந்தப் பழக்கத்தைச் சொல்லித் தருவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இங்கே சாதி எந்தப் பேச்சுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துவிடும். ஒரு தெருவைப் பற்றிச் சொன்ன ஜோக் மறுநாள் பிராதாகிவிடலாம். பபூனுக்கு இந்தக் கோடுகள் எல்லாம் அத்துப்படி. அதனால்தான் அவ்வளவு கும்பிடு. புதிய தலைமுறை கும்பிட்டுத் தப்பிப்பதோடு நிற்க முடியாது. எந்த ஊரிலும் எந்தத் தெருக்காரரும் தலை குனியாமல் கேட்கிற மாதிரி, அதே சமயம் ஊரின் பொய்யைத் தொட்டுவிடுகிற மாதிரி எழுதப் பழக வேண்டும். கஷ்டமான எழுத்து அது. ஒரு கதை எழுதுவதற்கு எவ்வளவு மெனக்கெடுவார்களோ அவ்வளவு மெனக்கெட வேண்டும்.

*

இந்தப் பக்கத்தில் சிரிப்புக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் உண்டு. திருமங்கலம் அருகே சாத்தங்குடியில் 1936இல் பிறந்த சாலமன் பாப்பையா, அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே பட்டிமன்றத்தைப் பண்டிதர்களிடமிருந்து மீட்டு வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வந்தார். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சோழவந்தான்காரரான பேராசிரியர் கு. ஞானசம்பந்தன் தியாகராசர் கல்லூரியில் பாடம் நடத்தியபடியே நகைச்சுவை மன்றத்தை வளர்த்தார். வந்தவர் யாரும் ஏறிச் சொல்லலாம் என்கிற அந்த மன்றங்கள் ஓப்பன் மைக் என்ற பெயர் இங்கே வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்தன. மதுரைப் பேச்சை மாற்றாமல், அடுப்படியிலும் பஸ்ஸிலும் நடப்பதை எடுத்துச் சொல்லலாம் என்ற தைரியம் இவர்களால் வந்தது. அறந்தாங்கி நிஷாவும் பட்டிமன்றத்தில் பேசியவர்தான். ஒரு பெண் தனியாக நின்று சிரிக்க வைக்க, மற்ற மேடைகளைவிட அந்த மேடை கொஞ்சம் இடம் கொடுத்தது. பட்டிமன்றத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. தலைப்பு பாதுகாப்பு கொடுத்துவிடுகிறது. மாமியாரா மருமகளா என்று முடிவாகிவிட்ட பிறகு, பேசுபவர் தன் சொந்தப் பயத்தையோ வெட்கத்தையோ வெளியே எடுக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. ஸ்டாண்டப்பில் தப்பிக்க அந்த வழி கிடையாது.

*

ஸ்பெஷல் நாடகத்துக்கு இப்போது தேதிகள் குறைந்துவிட்டன. ஆடல் பாடல் நிகழ்ச்சி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு வருஷா வருஷம் அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை மனுக்கள் போகின்றன. ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது என்று நிபந்தனைகளோடு அனுமதி வருகிறது. 2020இலும் 2021இலும் கொரோனாவால் திருவிழாக்களே நின்றபோது இரண்டு சீசன் வருமானம் மொத்தமாகப் போனது. வேஷம் கட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்ற கலைஞர்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். அப்போது தொழிலை விட்டவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. வயதான ஒரு பபூன் மேடையை விட்டு இறங்கும்போது, எந்தக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்கிற கணக்கும் அவரோடு இறங்கிவிடுகிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பேரையூருக்குப் பக்கத்திலேயே டி.கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமம் இருக்கிறது. ஜே.சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம். கிராமத்துக் கைத்தொழில் கிராமத்திலேயே பிழைக்க வழி வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் அவர். செக்கும் தறியும் இருக்கிற அந்தப் பட்டியலில் சிரிக்க வைக்கிற தொழிலையும் நான் சேர்ப்பேன். கச்சாப் பொருள் இங்கே இருக்கிறது, தொழில் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், கேட்பதற்குக் கூட்டம் இங்கே இருக்கிறது. கற்க நினைக்கிற பிள்ளை மட்டும் ராத்திரி பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

அதற்குப் பெரிய செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. நாடகம் பத்து மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தாலும் ஒன்பது மணிக்கே மைக்செட் தயாராகிவிடும். சாப்பாடு முடித்து ஜனம் வந்து சேரும் வரைக்கும் அந்த ஒரு மணி நேரம் சினிமாப் பாட்டுத்தான் ஓடுகிறது. அதில் அரை மணி நேரத்தை ஊர்ப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கொடுக்கலாம், ஆளுக்கு ஏழு நிமிஷம். அதில் ஒரு இடமாவது பெண் பிள்ளைக்கு. அவர்கள் பேசி முடித்ததும் பபூன் வருவார். அதே கூட்டத்தை அவர் எப்படிக் கையாள்கிறார் என்பதை அவர்கள் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று பார்க்கலாம். எந்த இடத்தில் தங்களுக்குக் கிடைக்காத சிரிப்பு அவருக்குக் கிடைத்தது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். இடைவேளையில் மேக்கப் கொட்டகைக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலான கலைஞர்கள் சொல்லித் தருவார்கள். கேட்க ஆள் வருவதில்லை என்பதுதான் அவர்களுக்கு வருத்தம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டி.கல்லுப்பட்டியைச் சுற்றியுள்ள ஏழு ஊர்கள் சேர்ந்து முத்தாலம்மனுக்குச் சப்பரம் எடுக்கின்றன. ஏழு ஊர் கூடி உயரமான சப்பரம் கட்டத் தெரிந்த இந்த ஜனத்துக்கு, ஏழு ஊரும் சேர்ந்து ஒரு சீசனுக்கு ஏழு மேடை கொடுப்பது பெரிய காரியமே இல்லை.

விழாக் கமிட்டிக்காரர்களே, இந்த வருஷம் வரி வசூல் நோட்டு போடும்போது இதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். நோட்டீஸில் நாடகத்துக்கு மேலே, 'இரவு 9 மணிக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகள் காமெடி' என்று அச்சடித்து, பெயர்களைப் போடுங்கள். பபூனுக்குப் பேசுகிற சம்பளத்தில் இந்த அரை மணி நேரத்துக்காகவும் அவருக்கு ஒரு தொகை சேர்த்துக் கொடுங்கள். அவர் சொல்லித் தருகிற வாத்தியார். கறிச்சோறும் போடுங்கள்.